ரங்கம்மாள் வழிமறித்தாள்

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள் எனப்பட்ட டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த காலம். ஏரிக்கரைக் குப்பமொன்றில், முழங்கால் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவள் ரங்கம்மாள். பொன்னுரங்கத்துக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்தாள் விட்டுப்போன பெண்கள் இருவர்: பதினான்கு வயது கஸ்தூரி, ஆறு வயது வெங்கம்மா.

பஞ்ச வருஷத்தில் ஒருநாள், அக்காவோடு கடைத்தெருவுக்குப் போன வெங்கம்மா காணாமல் போனாள். பிள்ளைபிடிக்கிறவர்கள் அவளை எவனோ ஒரு கப்பல்காரனிடம் விற்றுவிட்டார்கள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதற்குள் கப்பல் போய்விட்டது.

கஸ்தூரி அழவேயில்லை. இடது கையில் துணி சுற்றிக்கொண்டாள். கேட்டதற்கு, "சிப்பி கிழிச்சிடுச்சி" என்றாள். ஒரு மாதமாகியும் துணி கழலவில்லை.

ஒரு நண்பகலில், இருவரும் இறால் தடவும்போது அந்தத் துணி அவிழ்ந்தது. வரிவரியாகக் கீறல்கள். ஆறியவையும் இருந்தன, புதியவையும் இருந்தன. சிப்பி அப்படிக் கிழிக்காது. உப்புத்தண்ணீர் பட்டும் அவள் முகம் சுளிக்கவில்லை. அதுதான் ரங்கம்மாளைக் கலங்கடித்தது.

பக்கத்தில் நின்ற பெண்களும் பார்த்துவிட்டார்கள். வீடு திரும்புவதற்குள் செய்தி பொன்னுரங்கத்துக்கு எட்டியிருந்தது.

"பேய் புடிச்சிருக்கு. பூசாரி வேப்பிலையால நாலு சாத்துனா ஓடிடும்" என்று மகளின் தோளைப் பற்றி இழுத்தான்.

ரங்கம்மாள் வாசலை மறித்து நின்றாள். "ஏற்கெனவே நொந்து கெடக்குது. இன்னும் அடிக்கவா இட்டுனு போற?"

"நீ இன்னா பெத்தவளா? தள்ளு!"

"பெக்கல. ஆனா என்னைத் தாண்டித்தான் போவணும்."

அவன் கையை ஓங்கினான். அடி விழும் என்றே நினைத்தாள்; நகரவில்லை. அவன் மகளை விட்டுவிட்டு, ரங்கம்மாளை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

ரங்கம்மாள் மஞ்சள் அரைத்துப் போட்டாள். ஏன் செய்தாய் என்று அதட்டவில்லை. "ரொம்ப நோவுதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

"இது நோவல சின்னம்மா" என்றாள் கஸ்தூரி. "வளையல் பாக்கறதுக்கு நாந்தான் அவ கைய விட்டேன்."

உன் தப்பில்லை என்று அவசரப்பட்டுச் சொன்னால் பெண் மறுபடி வாயை மூடிக்கொள்வாள் என்று ரங்கம்மாளுக்குப் பட்டது. "சொல்லு, கேக்கறேன்" என்றாள். கஸ்தூரி அழுது அழுது சொன்னாள். அவள் எல்லாம் சொல்லி முடித்த பிறகே ரங்கம்மாள், "தூக்கிக்கினு போனவன் பாவத்த நீ சுமக்காதடி" என்றாள்.

வீட்டிலிருந்த கூரான சாமான்களை அன்றே அப்புறப்படுத்தினாள். மறுநாள் இருவருமாகச் சேர்ந்து பொன்னுரங்கத்திடம் சொன்னார்கள். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பூசாரி பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

அதோடு தீர்ந்துவிடவில்லை. இரண்டு தடவை மறுபடியும் நடந்தது. ரங்கம்மாள் திட்டாமல் மருந்திட்டாள். ஐப்பசியில் ஒருநாள் காலை, கஸ்தூரி தானாகவே வந்து நின்றாள்.

"சின்னம்மா, அந்த நெனப்பு வருது. எங்கூட இரு."

ரங்கம்மாள் இறால் கூடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.