கீழ்த்தட்டுக்கு வந்த கார்பாலிக்

ரசாயன டீச்சர் வீட்டில், இருட்டியபின் எது உருண்டாலும் ஆசிட் பாட்டில் உருளுவதாகவே காதில் விழும். சற்றுமுன் உருண்டது எலி தள்ளிய வெறும் டம்ளர். தூக்கம் போனது போனதுதான். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

வகுப்பில்

அமிலங்களின் பிரிகை மாறிலி நடத்தினேன். தண்ணீரில் எந்த அமிலம் அதிகம் பிரிகிறதோ அதன் எண் பெரிது, வீரியமும் அதிகம். வினிகரில் இருக்கும் அமிலத்தின் எண்ணில் புள்ளிக்குப் பின் நாலு சைபர், கார்பாலிக் அமிலத்துக்கு ஒன்பது. ஆக, கார்பாலிக் பரம சாது என்றேன். மணி அடித்தது. பாப்பா பாலுக்கு அழுவாளே என்று ஓடினேன். பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டதற்கு நின்று பதில் சொல்லவில்லை: "அப்ப அதை மட்டும் ஏன் மிஸ் பூட்டி வைக்கிறோம்?"

வீட்டில்

பாப்பாவைப் பார்த்துக்கொள்ள, நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டோடு இருந்தவர் பாச்சலூர் செல்லாயி அக்கா. அடுத்த வகுப்புக்கு நான் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது, சோறு ஊட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர விட, சாக்கடைக்கு ஊத்துற கார்பாலிக்கு சாதுவா?"

"கணக்குப்படி ஆமாக்கா."

"இம்புட்டுப் படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அலமாரியில்

மறுநாள் நான் திரும்பியபோது வினிகர் பத்திரமாக மேல்தட்டில் இருந்தது. கார்பாலிக் கீழ்த்தட்டில், தவழும் பாப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில்! இடம் மாற்றும்போது தக்கை கழன்று அக்காவின் விரல்களில் வழிந்திருக்கிறது. விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. குழாயடிக்கு இழுத்துப்போனேன். அவரோ சிரித்தார்: "எதுக்கும்மா பதறுறீங்க? சுருக்குனுகூட இல்ல, மரத்துப்போய்க் கெடக்கு. நீங்க சொன்ன மாதிரி சாதுதான்."

ஆஸ்பத்திரிக்குப் பின்

மரத்துப்போக வைப்பதே அதன் குணம் என்றார் டாக்டர். அந்த எண், தண்ணீரில் அமிலம் எவ்வளவு பிரியும் என்பதை மட்டுமே சொல்லும். தோலை என்ன செய்யும் என்று சொல்லாது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? புண் ஆறியது. ஆள்காட்டி விரலுக்கு உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. ஒருநாள் காலையில், பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "சூடு தெரியலம்மா இந்த வெரலுக்கு. பிள்ளைக்கு வேற ஆளப் பாருங்க."

வகுப்பில் அமிலங்களை வீரியப்படி வரிசைப்படுத்துகிற நான், வீட்டில் எல்லா பாட்டிலுக்கும் ஒரே அளவு பயந்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அறைக் கதவை இப்போதுதான் உள்ளே தாழ் போட்டேன்.