காக்கைகள் இறங்கிய காலை

காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு மணல்திட்டு. அங்கே என் தங்கை மீனா கடலாமைகளை ஆராய்கிறாள். கோடை விடுமுறைக்கு அவளுடைய கீற்றுக் கொட்டகைக்கு வந்திருக்கிறேன்.

"அக்கா, காக்கா!"

விடிந்ததும் அவள் அலறல் கேட்டு ஓடுகிறேன். வாரக்கணக்காக அவள் காவல் காத்த குழியிலிருந்து ஆமைக் குஞ்சுகள் பொலபொலவென்று வெளியேறுகின்றன. வழக்கமாக இருட்டிலேயே கடலுக்குப் போய்விடுமாம், இன்று தாமதித்துவிட்டன. காக்கைகள் இறங்குகின்றன. நான் துண்டை வீசுகிறேன், மீனா தட்டைத் தட்டுகிறாள்.

எங்களுக்குக் குடிதண்ணீர் இறக்கிவிட்டுக் கடலுக்குக் கிளம்பிய மீனவர் செல்வம், தன் சின்னப் படகைக் குஞ்சுகளின் வழியிலிருந்து ஓரமாக இழுத்துவிட்டு, துடுப்பைச் சுழற்றிக்கொண்டு வருகிறார்.

"தொழிலுக்கு நேரமாகலையாங்க?" என்கிறேன்.

"ஆவுதுதாம்மா. இதுங்க மொதல்ல போவட்டும். கடலு எங்க போயிடப்போவுது?"

கடைசிக் குஞ்சை அலை திரும்பத் திரும்பக் கரைக்கே தள்ளுகிறது. மூவரும் காக்கைகளை விரட்டிக்கொண்டே நிற்கிறோம். ஒரு பெரிய அலை வந்து அதை அள்ளிக்கொண்டு போகிறது. மீனா ஈரமணலில் உட்கார்ந்து சிரிக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இப்ப நம்ம முறை," என்கிறார் செல்வம். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவர் படகைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறோம்.