இரண்டாவது கேன்

டீசல் ஊற்றும்போது அங்கே இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். நான். என் மனைவி. எதிர்வீட்டு அண்ணன். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அங்கே இல்லை. அவன் கரையில் தன் படகைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றான்.

எங்கள் குப்பத்துக்கு ஒரு சின்ன டிராக்டர் உண்டு. படகுக்காரர்கள் சேர்ந்து வாங்கியது. ஃபைபர் படகுகளை மணலில் இழுத்து மேட்டில் ஏற்றுவது அதன் வேலை. முதுகு எலும்பு விலகி நான் கடலுக்குப் போவதை விட்ட பிறகு அதை ஓட்டச் சொன்னார்கள். வண்டி என் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும். அதை மெயின் ரோட்டில் ஏற்றி பங்க்குக்குக் கொண்டுபோக முடியாது. கேனில் டீசல் வாங்கி வந்து வீட்டிலேயே ஊற்றுவோம்.

கேன் எல்லாம் ஒரே மாதிரி. வெள்ளை, இருபது லிட்டர். படகு இன்ஜினுக்குப் போடும் ஆயில் கலந்த பெட்ரோலும் அதே மாதிரிக் கேனில்தான் இருக்கும். மேலே யாரும் எழுதி வைப்பதில்லை. மூடியைத் திறந்து மோந்தால் தெரிந்துவிடும். குப்பத்தில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

எனக்கு வாசனை தெரியாது. கொரோனா வந்தபோது போனது. திரும்ப வரும் என்றார் டாக்டர். வரவில்லை. ஒருநாள் அடுப்பில் கேஸ் திறந்து கிடந்தது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மீன் விற்றுவிட்டு வந்த என் மனைவி ஓடிப்போய் அதை மூடினாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தம்பியிடமாவது சொல்லி வை என்றாள். நான் சொல்லவில்லை. டீசல் எது பெட்ரோல் எது என்று தெரியாதவன் கையில் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? வண்டி போனால் குப்பத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது.

நானாக ஒரு வழி வைத்திருந்தேன். புறங்கையில் ஒரு சொட்டு விடுவேன். பெட்ரோல் என்றால் ஜில்லென்று காயும். டீசல் பிசுபிசு என்று அப்படியே நிற்கும். அதில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை. மூடியை மூக்குக்குக் கிட்டேயும் கொண்டுபோவேன். அது பார்க்கிறவர்களுக்காக.

புயல் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலேயே அலை படகுகளைத் தொட ஆரம்பித்துவிட்டது. கரையில் பதினேழு படகு. தண்ணீருக்குக் கிட்ட இருப்பதை முதலில் இழுக்க வேண்டும். ஆனால் வண்டி ஓட்டுகிறவன் வீட்டுப் படகு மட்டும் எங்கே கிடந்தாலும் கடைசி. யாரும் ஒரு பேச்சு பேசிவிடக் கூடாது என்று நாங்களே வைத்துக்கொண்ட முறை. மச்சான் படகு கடைசியாக நின்றது அதனால்தான். அவனுக்கு அந்தப் படகைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

காலையில் முதல் கேனை ஊற்றிவிட்டுப் போனேன். பதினோரு படகு மேலே ஏறியது. டீசல் முள் அடிக்கு இறங்கிவிட்டதால் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. முந்தின நாளே மச்சான் தன் இன்ஜினைக் கழற்றி என் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான். அவன் கேன் அங்கே இருந்தது, என் கேனும் அங்கே இருந்தது. நான் கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்தேன்.

என் மனைவி டேங்க் வாய்க்கு மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்தாள். காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது, வாசனை அவளுக்கு எட்டாது. நான் புறங்கையில் சொட்டு விட்டேன். கை ஏற்கெனவே நனைந்து விறைத்துப்போயிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சொட்டு விட்டேன்.

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற எதிர்வீட்டு அண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, கல்யாணப் பொண்ணு மாதிரி கையில மருதாணி வெச்சிக்கினு கீற? ஊத்து, நேரமாவுது."

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நான் பாக்கட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அண்ணன் அங்கேயே நின்றார்.

"வாணாம். டீசல்தான்" என்றேன்.

ஊற்றினேன். அவள் ஷீட்டை இன்னும் கீழே இறக்கிப் பிடித்தாள், மழைத் தண்ணீர் போய்விடக் கூடாது என்று.

வண்டி கிளம்பியது. டேங்க்கில் மிச்சம் இருந்த டீசலோடு கலந்து கொஞ்சம் ஓடியது. நாலு படகு ஏற்றினேன். சத்தம் மாறியது. டக் டக் என்று தட்டியது. பதினாறாவது படகு பாதி மேட்டில் இருக்கும்போது நின்றுவிட்டது. திரும்ப எடுக்கவில்லை.

இருந்த ஆளெல்லாம் அந்தப் பதினாறாவது படகைப் பிடித்தார்கள். விட்டால் அது கீழே இருக்கிறவர்கள் மேலே வந்து விழும். கையாலேயே அதை ஏற்றி முடிப்பதற்குள் அலை மச்சான் படகைத் தூக்கிவிட்டது. அவன் கயிற்றை விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அவனை இழுத்துக்கொண்டு போனது. எதிர்வீட்டு அண்ணன்தான் உள்ளே போய் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார். படகு புரண்டது. அப்புறம் அது கண்ணில் படவில்லை. மூன்று நாள் கழித்து முகத்துவாரத்துப் பக்கம் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அன்றைக்கே அண்ணன் ஃபில்டரைக் கழற்றி மோந்து பார்த்துப் பெட்ரோல் என்று சொல்லிவிட்டார். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த மழையில், அந்த அவசரத்தில், யாருக்கும் தப்பு வரும் என்றார்கள். மச்சான் மட்டும் வேறு மாதிரி சொன்னான்.

"என் கேனு அது. நான்தான் கொண்டாந்து மாமா கேனாண்ட வெச்சேன். என் தப்பு."

டீக்கடையிலும் அதையே சொன்னான். படகுக்காரர் சங்கத்தில் கேட்டபோதும் அதையே சொன்னான். அவன் மனைவி அவனை அதற்காகத் திட்டியது சுவர் தாண்டி எங்கள் வீட்டில் கேட்டது. என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மழை விட்டதும் டேங்க்கைக் கழுவ உட்கார்ந்தேன். கூப்பிடாமலே மச்சான் வந்தான். டேங்க்கை இறக்கினோம். துணி விட்டுத் துடைத்தோம். புது ஃபில்டர் போட்டோம். அவன் டீசல் கேனைத் தூக்கி, மூடியைத் திறந்து, வழக்கம்போல என் பக்கம் நீட்டினான். நான் மோப்பதற்காக.

"நீயே பாரு" என்றேன். "எனக்கு வாசனை தெரியாது."

அவன் கேனைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கும் தெரியாதா?"

"தெரியாது. உங்க அக்கா பாக்குறேன்னா. நான் வாணாம்னேன். உன் தப்பு இல்ல அது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. கரைப் பக்கம் பார்த்தான். மேட்டில் மற்றவர்கள் படகுகள் நின்றன. அப்புறம் குனிந்து கேனை மோந்து பார்த்தான். தூக்கி ஊற்றினான். புனலை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. கேன் காலியானது.

மூடியைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"எத்தினி நாளா, மாமா?"

மாசத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இதையும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

நாலு வருஷம், இரண்டு மாசம்.