பாயம்மாவின் ஐஸ் பெட்டி

கதவைத் தட்டியதும் ரஹமத்துன்னிசா இரண்டடி பின்னால் வந்து, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். உள்ளேயிருந்து ஒரு கை நீளும். வெள்ளை மூடி போட்ட டப்பாவை வாங்கி, பெயரும் நேரமும் எழுதி, நீல ஐஸ் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் முகம் பார்த்துப் பேசுவார். "கால் வீக்கம் கம்மியாச்சாங்க?"

டப்பாவில் இருப்பது மலம். இதயம் பலவீனமாகி, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறவர்களிடமிருந்து, ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்காக மாதம் ஒருமுறை வாங்கி வருகிறார். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. பெரும்பாலும் நமக்கு வேண்டியவைதான். சில கிருமிகள், நாம் தின்னும் கறியிலிருந்தும் முட்டையிலிருந்தும் ஒரு பொருள் உண்டாகக் காரணமாகின்றன. அது இரத்தத்தில் கூடினால் இதயத்துக்குக் கெடுதலா என்று பார்க்கிறார்கள். இன்னும் முடிவு தெரியவில்லை. இவ்வளவையும் எனக்குப் புரியவைக்க அவருக்கு ஒரு மாலை முழுதும் ஆனது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவர்; ஊரில் எல்லாருக்கும் பாயம்மா.

பஸ்ஸில் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்வார். "இன்னா பாயம்மா, பிரியாணியா?" என்று கண்டக்டர் கேட்டால், "உனக்குத்தான். எறங்கறப்போ வாங்கிக்கோ" என்பார். பௌர்ணமியன்று பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று, கிரிவலக் கூட்டத்தை இடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பார். 'பீ டப்பா' என்று கத்தும் பையன்களிடம், "உன்னுது வேணாம் போடா, நீ நல்லாத்தான் கீற" என்பார்.

எல்லாவற்றுக்கும் சிரிக்கும் அவர், போன ஆடியிலிருந்து ஒரு பேச்சுக்கு மட்டும் சிரிப்பதில்லை.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பரசுராமன் என்று ஒரு வேர்க்கடலை விவசாயி. டப்பா வாங்கப் போன பாயம்மா சொன்ன கிருமி விஷயத்தைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ வவுத்த கழுவி உட்டுட்டா நெஞ்சு சரியாப் பூடும்ல?" என்றாராம். கிண்டல் என்று நினைத்து இவர் சிரித்திருக்கிறார். அவர் கிண்டல் செய்யவில்லை. இரண்டு நாள் விடாமல் விளக்கெண்ணெய் குடித்திருக்கிறார். ஏற்கெனவே உடம்பிலிருந்து நீரை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். பேதியில் சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

அடுத்த மாதம் டப்பா வாங்கப் போனபோதுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது. அவர் மனைவி வள்ளி, திறக்காத டப்பாவைத் துடைத்து எடுத்து வந்து கொடுத்தார்.

"நீ சொன்னியேன்னுதாம்மா குடிச்சாரு. டீ சாப்புடுறியா?"

அந்த டீயைக் குடித்தாரா இல்லையா என்பது பாயம்மாவுக்கு நினைவில்லை. பரசுராமனின் இதயம் முன்பே மிகவும் மோசமாக இருந்தது, பேதியால்தான் என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். "அவரு ஆறுதலுக்குச் சொல்றாரு. சிரிச்சது நானு" என்கிறார் பாயம்மா.

போன வாரம் அவரோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். புது நோயாளி முருகவேல், பெட்டிக்கடைக்காரர். டப்பாவை வாங்கி வைத்துவிட்டு பாயம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இது ஆராய்ச்சிங்க, வைத்தியம் இல்ல. பேதிக்கு எதுவும் சாப்புடக் கூடாது. மாத்திரைய நிறுத்தக் கூடாது. எங்க, நீங்க ஒருவாட்டி சொல்லுங்க."

"டீச்சராட்டம் கேக்குறியேம்மா!" முருகவேல் மூச்சு வாங்க ஒப்பித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனாலும் மாசத்துக்கு ஒருவாட்டி வவுறு சுத்தமாறது நல்லதுதானம்மா?" என்று சிரித்தபடி அலமாரியைப் பார்த்தார். அங்கே பாதி பாட்டில் விளக்கெண்ணெய் இருந்தது.

பாயம்மா எட்டி பாட்டிலை எடுத்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து, டப்பாக்களுக்கு நடுவே அதைப் படுக்கவைத்து, மூடி, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"ஏம்மா, அது எங்களுது" என்றார் முருகவேல்.

பாயம்மா பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.