பேர் கொடுக்காதவர்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி பிறவியிலேயே உண்டு. பால்காரி பால் ஊற்றும்போது நான் பாலைப் பார்க்க மாட்டேன், அவள் கையைப் பார்ப்பேன். "ஐயரம்மாவுக்கு இது அழகா?" என்று பெற்ற தாயே கேட்டிருக்கிறாள். ஐயரம்மா என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டா குடித்தனம் நடத்துவாள்? எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்பார்கள், அவர் பெண்டாட்டி ஐயரம்மா. நான் சாத்தான்குளத்துப் பனங்காட்டில் பிறந்து, பாளையங்கோட்டை போர்டிங்கில் படித்து, இருபது வயதில் ஐயரம்மா ஆனவள்.

வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலி டவுண், சைவக் குடும்பம். வாலிப வயதில் ஞானஸ்நானம் வாங்கினார். சேதி கேட்ட அன்றே அவருடைய அப்பா தலைமுழுகி, உயிரோடிருக்கிற மகனுக்குக் கருமாதி நடத்திவிட்டார். அதற்குப் பிறகு இவர் ரத வீதிப் பக்கம் கால் வைத்ததில்லை. பெற்றவர்களையே விட்டுவிட்டு வந்தவர் என்று சபையில் அவருக்குத் தனி மரியாதை. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்பு, முக்கூடலுக்கு மேற்கே ஆற்றோரத்து ஊர் ஒன்றில் இருந்தோம். கோயில், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம், எங்கள் வீடு மூன்றும் ஒரே மதிலுக்குள். மூன்றும் மிஷனுக்குச் சொந்தம்.

மாதத்துக்கு ஒரு தடவை இராப்போஜனம்; ஆண்டவர் சீஷர்களோடு கடைசியாகப் பந்தியிருந்ததை நினைத்து அப்பமும் ரசமும் வாங்குவது. பேர்தான் இரா, நடப்பது காலை ஆராதனையில். அதற்கு வேண்டிய திராட்ச ரசம் என் பொறுப்பு; திராட்ச வற்றலை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டித் தருவேன். அப்பமும் ரசமும் வாங்க நினைப்பவர்கள் முந்தின வெள்ளிக்கிழமையே உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். ஐயருக்கு அடுத்தபடி சபையைக் கவனிக்கிறவர் அவர். மனசில் குற்றத்தை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொட்டால் ஆக்கினை வரும் என்று எல்லோருக்கும் பயம். வரப்புச் சண்டை போட்டவன் பேர் கொடுக்க மாட்டான். போகக்கூடாத வீட்டுக்குப் போனவனும் கொடுக்க மாட்டான். ஆகவே சனிக்கிழமை விடிந்தால் ஊருக்கு வேலை வந்துவிடும்: யார் பேர் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி.

ஐயர் பேர் கொடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் முன்னால் வாங்குகிறவரே அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் இருந்தேன். வீட்டுக்காரர் மேஜை ஓரத்தில் பக்கவாட்டாக நின்று பாத்திரத்தை வாயில் வைத்தார். தொண்டை அசையவில்லை. சரி, நம் கண்தான் மசங்குகிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் துவைக்க எடுத்த வெள்ளை அங்கியின் கை மடிப்பிலிருந்து காய்ந்த அப்பத்துண்டு ஒன்று விழுந்தது. அடுத்த மாதமும் கண் கொட்டாமல் பார்த்தேன். அதே பாத்திரம், அதே அசையாத தொண்டை, மடிப்பில் அதே துண்டு.

அவருக்கு விசுவாசம் போயிருக்கும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஐயருக்குப் போகுமா? ஆண்பிள்ளை அப்பத்துக்குப் பயந்தால் எங்களுக்குத் தெரிந்த காரணம் இரண்டுதான். ஒன்று சண்டை, இல்லாவிட்டால் பெண். அவர் ஈ எறும்போடுகூடச் சண்டைக்குப் போகாதவர். அப்படியானால் யார் அவள்?

உபதேசியார் எழுதி வைத்த பேர்ச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதமும் பேர் கொடுக்காத பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்து உபாத்தினி. இருபத்தைந்து வயதுக் கைம்பெண். ஒரே மகள், ஏழு வயது. தாய் மிஷன் வேலையில் இருப்பதால் பாளையங்கோட்டை போர்டிங்கில் பள்ளிச் சம்பளம் கட்டாமல் படித்தாள். அந்த வேலை போனால் இருவருக்கும் நிழல் கிடையாது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் வேதபாடம் எடுப்பார். குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக நாலு நடை நடந்தேன். உபாத்தினி ஒரு மூலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதென்ன, பார்க்காமலே இருக்கிறது? அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

கிணற்றடியில் உபாத்தினியை மடக்கினேன். "ஏம்மா, நீ ஏன் பேரு குடுக்கல?"

அவள் கண் கலங்கிவிட்டது. "என் கொழுந்தன் வீட்டுச் சாமான் பூராவும் எடுத்துக்கிட்டு என்னையும் பிள்ளையையும் தெருவுல விட்டவரும்மா. அவர நெனச்சா வயிறு எரியுது. மனசுல வர்மத்த வச்சிக்கிட்டு எப்படி வாங்குவேன்?"

நல்லா அழுகிறாள், பழகின அழுகை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உபதேசியார் பெண்டாட்டியிடம் அப்பத்துண்டு விஷயத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"ஐயரம்மா, நெசமாவா சொல்லுதிய? உபாத்தினியா?"

"நான் யாரையும் சொல்லல. பேரு குடுக்காதவ யாருன்னு நீயே பாத்துக்கோ."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்து நாளில் சங்கதி பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடங்களுக்கு மேலதிகாரியான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது: உபாத்தினியின் பேரில் பேச்சு வந்திருக்கிறது, மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நீக்கப்படுவாள்.

வீட்டுக்காரர் கடிதத்தோடு அடுப்பங்கரைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இதுல உன் பேச்சும் உண்டா?"

"உண்டு. அங்கியில அப்பத்த ஒளிச்சி வைக்கது நானா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. எனக்கு விசுவாசம் போயிட்டு. எப்ப போச்சின்னு கேட்டா தெரியல. ஜெபம் பண்ணுதேன், எதிர ஆளே இல்லாத மாதிரி இருக்கு. பிரசங்கம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் பொய்யாச் செஞ்சிருதேன். அத வாயில போட்டு முழுங்க மட்டும் முடியல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஸ்தோத்திரம் ஆண்டவரே, பெண் இல்லை! அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும்.

"நான் பாளையங்கோட்டைக்குப் போறேன். உள்ளதச் சொல்லப் போறேன். எம்பொருட்டு அவ பேரு கெடக் கூடாது" என்றார்.

"சொல்லிட்டு எங்க போவிய? டவுணுக்கா? அங்கன உங்களுக்குக் கருமாதியே பண்ணியாச்சி. இந்த வீடு மிஷன் வீடு. நாலு பிள்ளையளையும் எங்க கொண்டு வைக்க?"

அந்தக் கருமாதிப் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்துவிட்டேன். அவர் தோள் தொய்ந்ததைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னேன்: "நீங்க போவாண்டாம், நான் போறேன். தப்பு எம்மேலன்னு சொல்லுதேன். பொம்பளைக்குப் பொம்பள பேசினா சரியாயிரும்."

"அதுக்கும் நம்பலன்னா?"

"நம்பலன்னா உங்க சங்கதியையும் சொல்லிருதேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாட்டுவண்டி பிடித்துப் போனேன். மிஸ்ஸியம்மா நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் உட்கார வைத்தாள். நான் சந்தேகக்காரி, இல்லாததை இருப்பதாக நினைத்துவிட்டேன், உபாத்தினி பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புத்தகத்தில் படித்த தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்படியானால் உமது புருஷர் அப்பத்தை ஏன் உட்கொள்ளவில்லை?"

மூன்றே வார்த்தை போதும்: அவருக்கு விசுவாசம் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் வீட்டு வாசலும், படுத்துக் கிடக்கும் கைக்குழந்தையும் கண்ணில் நின்றன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மிஸ்ஸியம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்துவந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். புருஷனைக் காப்பாற்ற வந்த உத்தமி என்று என்னை நினைத்துக்கொண்டாள். ஐயருக்குப் புத்தி சொல்லி எழுத மாட்டேன், சோதனையை அவர் பக்கத்திலிருந்து விலக்கினால் போதும் என்றாள். சோதனை என்றது அந்த ஏழைப் பெண்ணை. வீட்டுக்குத் திரும்பியதும் இவர் கேட்டதற்கு, சொல்லியாச்சு, மிஸ்ஸியம்மா யோசித்து எழுதுவாள் என்று சொல்லி வைத்தேன்.

மாதக் கடைசியில் உபாத்தினி ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். போர்டிங்கிலிருந்து அனுப்பிவிட்ட மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கதவில் கை வைத்தபடியே நின்றேன். அப்படித் தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொழுந்தன் வீட்டுக்குத்தாம்மா போறேன். வேற போக்கிடம் இல்ல. அவருகிட்டயே கைநீட்டிச் சாப்பிடணும், இனி வர்மம் வச்சி என்ன செய்ய? ஐயர்கிட்ட சொல்லி எங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லுங்கம்மா."

"சொல்லுதேன்" என்றேன். அந்தச் சின்னப்பெண் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். "எங்க அந்தப் பிள்ள? மிஸ்ஸியம்மா நம்பலியா?"

"நல்லா நம்பிட்டாவ. அவளாத்தான் வேண்டாம்னு போறா. கொழுந்தனோட ராசியாயிட்டாளாம்."

"என்னமும் சொன்னாளா?"

"உங்கள ஜெபம் பண்ணச் சொன்னா."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "நீ போயி உண்மையச் சொன்னதுனால அந்தப் பிள்ள தப்பிச்சா" என்றார். என் பேச்சில் அவருக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.