இருட்டில் ஐந்து என்று சொன்னவன்

விசாரணைக் குழு என்னிடம் வாங்கிய வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். அதில் இருப்பது அத்தனையும் உண்மை. ஆனால் நடந்தது அத்தனையும் அதில் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். என்னை நம்பிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன்.

பதினொரு வருஷம் ஆகிவிட்டது. நான் குடிப்பவள் இல்லை. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை. நேரங்களை உத்தேசமாகச் சொல்லவில்லை. காற்றை அளந்து குறித்துவைப்பது என் வேலை. எது நடந்தாலும் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். என் கடிகாரத்தின் முள் இருட்டிலும் பச்சையாகத் தெரியும்.

அண்டார்டிகாவில் எங்கள் நிலையத்தில் அந்தக் குளிர்காலம் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் அர்ஜென்டினாக்காரர்கள். ஜூலை மாதம். சூரியன் போய் எண்பது நாள் ஆகியிருந்தது. மத்தியானமும் இருட்டு, மாலையும் இருட்டு.

ஆளுக்கு ஓர் எண் உண்டு. மின்சாரம் போனால் அவரவர் நின்ற இடத்திலிருந்தே வரிசையாக எண்ணைச் சொல்ல வேண்டும். ஏழும் வந்துவிட்டால் வெளிக்கதவைத் தாழிடலாம். ஒன்று குறைந்தாலும் தேடப் போயாக வேண்டும். தலைவர் பெனாவிடெஸ் ஒன்று. டாக்டர் இருபே இரண்டு. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபாரியாஸ் மூன்று. சமையல்காரர் கிரோகா நான்கு. எவாரிஸ்தோ ஐந்து. நான் ஆறு. வானொலிக்காரர் ஏழு.

எவாரிஸ்தோவின் வேலை பூமியின் காந்தத்தை அளப்பது. அதற்கென்று முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு மரக்குடில் இருந்தது. அதில் இரும்பு கூடாது. ஆணிகூடச் செம்புதான். நேரம் குறிக்க, இருட்டிலும் முள் தெரியும் பித்தளைக் கடிகாரம் ஒன்று அங்கேயே உண்டு. போகும்போது கத்தி, இடுப்புவார், கையில் எடுத்துப்போகும் வானொலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே மாட்டிவிட்டுப் போவான். குடிலில் ஒரு சின்ன மின்கணப்பு, ஒரு தொலைபேசி. இரண்டுக்கும் ஒரே கம்பிவடம், நடந்துபோகக் கட்டிய கயிற்றோடு சேர்ந்தே போகும். தினமும் மூன்று மணிக்குப் போவான், மூன்றே முக்காலுக்குத் திரும்புவான்.

அன்று 2:50க்கு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"நெலிடா, காத்து என்னம்மா சொல்லுது?"

"நாலு மணி வரைக்கும் தாங்கும். போயிட்டு வந்துடு."

"கடிகாரத்து நாலா, இல்ல உன் நாலா?"

"போடா. வழியில படுத்துத் தூங்காம இருந்தா நாலுக்குள்ள வந்துடலாம்."

அடுப்படியிலிருந்து கிரோகா குரல் கொடுத்தார். "அவனா? கயித்தைப் பிடிச்சுக்கிட்டே குறட்டை விடுவான்." எவாரிஸ்தோ சந்தியாகோ தெல் எஸ்தெரோக்காரன். அந்த ஊர் வெயிலுக்கு மத்தியானம் எல்லோரும் படுத்துவிடுவார்கள் என்பதால், அங்கிருந்து வருகிற எவனுக்கும் எங்கள் நாட்டில் இந்தக் கிண்டல் உண்டு. எவாரிஸ்தோ வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பேசி அதை வளர்ப்பான்.

"அப்பம் பொரிச்சா எனக்கு ரெண்டு எடுத்து வை, குண்டா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

3:20க்குக் காற்று இரு மடங்காக ஏறியது.

என் கணிப்பு தப்பிவிட்டது. காற்றுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உடனே தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வந்துவிடுவான், வந்த பிறகு சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கும்.

3:51க்குக் குடிலுக்குப் பேசலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். கைப்பிடியைச் சுழற்றப் போனேன்.

3:52. வெளிக்கதவு அடித்து மூடும் சத்தம். தட்... தட். பனிக்காலணியை இரண்டு முறை தரையில் உதைக்கும் சத்தம். எவாரிஸ்தோ எப்போதும் இரண்டு முறைதான் உதைப்பான்.

தொலைபேசியைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை இன்றைக்கும் என்னால் உணர முடிகிறது.

4:10க்கு மின்சார இயந்திரம் இருமியது. நின்றது. விளக்குகள் அணைந்தன.

"ஒண்ணு," என்றார் தலைவர்.

"ரெண்டு." டாக்டர்.

"மூணு," என்று நடைக்கூடத்திலிருந்து ஃபாரியாஸ் கத்தினார். "எண்ணெய் உறைஞ்சு போச்சு தலைவரே, ரெண்டு மணி நேரம் ஆவும்."

"நாலு." கிரோகா.

அப்புறம் ஒரு இடைவெளி. ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

"அஞ்சு..."

மெதுவாக, இழுத்து. ரொம்பத் தூரத்திலிருந்து வருவது போல.

"எழுந்திரிப்பா, பொழுது விடிஞ்சிருச்சு," என்றார் கிரோகா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே, "ஆறு," என்றேன். வானொலிக்காரர், "ஏழு," என்றார். தலைவர் வெளிக்கதவைத் தாழிட்டார்.

இரண்டு கைவிளக்குகளையும் ஃபாரியாஸும் வானொலிக்காரரும் இயந்திர அறைக்குக் கொண்டுபோனார்கள். மெழுகுவர்த்திக்குத் தடை. முழுக்க மரத்தாலான வீட்டில் தீப்பிடித்தால் போக வேறு இடம் கிடையாது. அடுப்படியில் கெட்டிலுக்கு அடியில் நீல நெருப்பு மட்டும். அது பாத்திரத்தின் அடியைத் தவிர எதையும் காட்டவில்லை.

பெஞ்சின் இந்த ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். எதிரே தலைவரும் டாக்டரும். அடுப்புப் பக்கம் கிரோகா. என் இடது பக்கம் பெஞ்சு லேசாகத் தாழ்ந்தது. யாராவது வந்து உட்கார்ந்தால் தாழுமே, அப்படி.

"அப்பம் உன் பக்கத்துல வச்சிருக்கேன் அஞ்சாம் நம்பரு. ரெண்டு," என்றார் கிரோகா.

பதில் இல்லை.

"கோவமாம்," என்றார்.

5:05க்கு நான் மாத்தே ஊற்ற ஆரம்பித்தேன். கசப்பு இலை நிரப்பிய ஒரே சுரைக்குடுவை, ஒரே வெள்ளிக் குழல். ஊற்றுகிறவர் மாறக் கூடாது. வெந்நீர் ஊற்றி ஒருவரிடம் கொடுப்பேன். அவர் குழல் உறிஞ்சிச் சத்தம் போடும்வரை குடித்துவிட்டு என்னிடமே திருப்பித் தருவார். அடுத்தவருக்கு மறுபடி ஊற்றுவேன். போதும் என்றால் நன்றி சொல்ல வேண்டும். சொல்லாதவரை முறை வந்துகொண்டே இருக்கும்.

தலைவர் குடித்தார். குழல் சத்தம் போட்டது. டாக்டர். சத்தம். கிரோகா. சத்தம்.

நிரப்பி, இடது பக்கம் நீட்டினேன்.

ஒரு கை வாங்கிக்கொண்டது.

சத்தமே வரவில்லை. குழல் உறிஞ்சவில்லை. ஆனால் குடுவை திரும்பி என் கைக்கு வந்தபோது காலியாக இருந்தது.

அடுத்த முறை எனக்கு. ஊற்றுவதற்கு முன் குழலைச் சரிசெய்யத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது.

வெளியே வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் அப்படித்தான் ஒட்டும். இது அடுப்படி. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கொதிநீரில் நின்ற குழல். இழுத்தேன். விரல் நுனியில் கொஞ்சம் தோல் போனது.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"சுட்டுருச்சு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பதினொரு வருஷமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. எனக்கு முன்னால் என் வாய் முடிவெடுத்துவிட்டது.

5:20. இரண்டாவது சுற்று. அதே கை. இந்தத் தடவை அது என் விரல்மேல் பட்டது. கையுறை இல்லை. மரக்கட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது.

என் இடது தோள் மரத்துப்போனது. அந்தப் பக்கத்திலிருந்து உடம்புச் சூடு வரவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம் மூன்று கேட்டது. தலைவருடையது. டாக்டருடையது. கிரோகாவின் குறட்டை போன்ற மூச்சு.

இடது பக்கம்... ஒன்றும் இல்லை.

தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது.

ஒரு குச்சி கிழித்தால் போதும். ஒரு முகம் தெரியும், அல்லது தெரியாது. முகம் தெரிந்தால் நான் பயந்தாங்கொள்ளி. தெரியாவிட்டால் அவனை வெளியே அனுப்பியது நான். நாலு மணி வரைக்கும் தாங்கும் என்று சொன்னது நான்.

தீப்பெட்டியைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

5:48.

"காத்து நின்னுருச்சு."

என் காதுக்கு அருகில். இழுத்து, மெதுவாக.

உண்மைதான். கூரை அதிர்வது நின்றிருந்தது. பெரும்புயலுக்கு நடுவில் சில சமயம் இப்படி ஓர் இடைவெளி வரும். யாராவது வெளியே மாட்டியிருந்தால், போய் அழைத்துவர அதுதான் நேரம். அங்கிருந்தவர்களில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

"யாராவது ஏதாவது சொன்னீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லையே," என்றார் கிரோகா.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி குடுவையை நிரப்பினேன். இடது பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொண்டது. திருப்பித் தந்தது. நிரப்பினேன்.

அது நன்றி சொல்லவே இல்லை.

6:31. கூரை மறுபடி அதிர ஆரம்பித்தது.

6:40. இயந்திரம் பிடித்தது. விளக்கு எரிந்தது.

இடது பக்கம் பெஞ்சு.

இரண்டு அப்பம்.

வேறு ஒன்றும் இல்லை.

"எவாரிஸ்தோ எங்கே?" என்றார் டாக்டர்.

எல்லா அறையையும் பார்த்தோம். தலைவர் வெளிக்கதவுக்குப் போனார். தாழ் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. கதவுக்கு உள்ளே தரையில் பனி உருகிய ஈரம்கூட இல்லை. 3:52க்கு யாரும் அந்த வழியாக உள்ளே வந்திருக்கவில்லை.

"அஞ்சுன்னு சொன்னானே," என்றார் கிரோகா. "நான் கேட்டேனே. நீங்க எல்லாரும் கேட்டீங்கதானே? சிரிச்சோமே..."

இரண்டு முறை கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். இரண்டு முறையும் காற்று எங்களைத் தூக்கி எறிந்தது. நாற்பதடிக்குமேல் போக முடியவில்லை. மறுநாள் காலை 9:20க்குத்தான் குடிலை அடைந்தோம். கம்பிவடம் அறுந்து கிடந்தது. கணப்பு செத்திருந்தது. எவாரிஸ்தோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையுறைகள் மடியில் இருந்தன. இரவு பத்து மணிக்கு முன்பாக உயிர் போயிருக்காது என்றார் டாக்டர்.

இரவு பத்து.

காற்று நின்றிருந்தது 5:48லிருந்து 6:31 வரை. நாற்பத்து மூன்று நிமிஷம். குடிலுக்குப் போய்வர இருபது நிமிஷம் போதும்.

இவ்வளவும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருக்கிறது, என் இடது பக்கத்தைத் தவிர. எண்ணும்போது யாரோ ஐந்து என்று தவறுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று குழு எழுதிக்கொண்டது. அதற்குப் பிறகு இருட்டில் எண்ணைக் கூப்பிடும் முறையை எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்து எண்ண வேண்டும் என்று விதி போட்டார்கள்.

இது முடிந்துவிட்டது என்றுதான் நானும் இருந்தேன். போன மார்ச் மாதம் பெனாவிடெஸ் கொர்தொபாவிலிருந்து ஒரு உறை அனுப்பினார். அவருக்கு உடம்பு சரியில்லை. உள்ளே ஒரு தாள் இருந்தது, எவாரிஸ்தோவின் அளவுக் குறிப்பேட்டிலிருந்து கிழித்தது. கூடவே இரண்டு வரி: "இதை நான் குழுவிடம் கொடுக்கல. உன்னைக் காப்பாத்தத்தான் வச்சிருந்தேன். இனிமே என் வீட்ல இது இருக்க வேண்டாம்."

பென்சில் எழுத்து. முதலில் நேராக இருக்கிறது. போகப்போக எழுத்து பெரிதாகி வரிகள் சரிகின்றன. அவன் எழுதியபடியே தருகிறேன்.

3:40. வடம் அறுந்துவிட்டது. கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கேயே இருப்பதுதான் சரி. எண்ணிப் பார்த்துவிட்டு வருவார்கள்.

4:10. கதவுக்கு வெளியே எண்ணுகிறார்கள். நான்கோடு நிறுத்திவிட்டார்கள். எனக்காகக் காத்திருக்கிறார்கள். ஐந்து என்றேன். சிரிக்கிறார்கள்.

5:05. இருட்டில் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நெலிடா ஊற்றுகிறாள். நல்ல சூடு.

5:48. காற்று நின்றுவிட்டது. நெலிடாவிடம் சொன்னேன். அவள் காதில் விழுந்தது. யாரும் எழவில்லை.

6:40. எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள். ஏன் என்று தெரியவில்லை.

அதற்குக் கீழே, இரவு 9:15க்கு, இன்னும் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் நான் குடிலிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, வெளிக்கதவருகே, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதற்கு ஐந்து பேர் சாட்சி.

9:15. நெலிடா மட்டும் போகவில்லை. என் வலது பக்கத்திலேயே இருக்கிறாள். போதும், நன்றி என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். கை வைத்துப் பார்த்தேன். இந்தக் குளிரில் என் வாயிலிருந்து ஆவி வருகிறது. அவள் வாயிலிருந்து வரவில்லை.