அஞ்சு மணிப் பொட்டு

எங்க தெருவுக்கு மொத்தமா ஒரே வாட்ச்தான் இருந்திச்சு. அதைக் கெடுத்தவனும் நான்தான், அதுக்குப் பேரு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

கூலித் தகராறு, கொடி, போலீஸ் வேன் எல்லாம் ஓஞ்சு, தாலுகா ஆபீசுல உக்காந்து பேசினாங்க. நடவு ஆளுங்க சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கரையேறலாம்னு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாச்சு. கையெழுத்து சரி, மணி யாரு பாக்குறது? பண்ணைக் காரியக்காரர் கையில மட்டும்தான் வாட்ச் இருந்திச்சு. அவரு வாட்ச்சுல அஞ்சு மணி இருட்டுனப்புறம்தான் வரும். “இன்னும் நேரம் கெடக்கு, நடுங்கம்மா”ம்பாரு.

அதனால தெருவே சேர்ந்து கும்பகோணத்துல ஒரு பழைய வாட்ச் வாங்குனோம். கறுப்பு டயல். எண்ணே கெடையாது, சுத்திவரக் கோடுதான். நடவுக்குத் தலைமை எங்க அக்கா, அதனால வாட்ச்சும் அவ பொறுப்பு. சேத்துல நிக்கிறவ கையில கட்டவா முடியும்? வரப்போரத்துப் பூவரசங்கிளையில ஸ்ட்ராப்பைப் புடிச்சு மாட்டிடுவா. மாட்டி என்ன பண்றது, நடவு ஆளுங்கள்ல ஒருத்திக்கும் மணி பாக்கத் தெரியாது. நான் எட்டாவது வரைக்கும் போனவன். மணி விஷயத்துல நான்தான் அரசாங்கம்.

“டேய், மணி என்னடா?”

“உன் மாமியா கறுவுற நேரம்க்கா.”

சேத்துருண்டை பறந்து வரும்.

ஆயுத பூஜை அன்னைக்கு அருவா, மம்பட்டின்னு ஒண்ணு விடாம சந்தனம் குங்குமம் வெச்சுக்கிட்டே வந்தா அக்கா. வாட்ச் கண்ணாடி தெறிச்சுக் கெடந்ததால ஒட்டறதுக்குக் கழட்டி வெச்சிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? “கண்ணாடியா வேலை செய்யுது? வேலை உள்ளதான் நடக்குது, உள்ள வைய்யி”ன்னேன். கிண்டலுக்குத்தான். அவ நெசம்னு நெனச்சு ஈரச் சந்தனத்தைத் தொட்டு டயல் மேலயே வெச்சா ஒரு பொட்டு, அது நடுவுல குங்குமம்! தொடைச்சுப் பாத்தேன், ஊறிப் போச்சு. அழுத்தித் தேச்சா கறுப்புதான் உரியுது. அக்கா மூஞ்சி சுண்டிப் போச்சு. அப்படியே கண்ணாடிய ஒட்டிட்டேன்.

கொஞ்ச நாள்ல ரெண்டாம் போகத் தாளடி நடவு. மணி சொல்லலாம்னு நான் மெதுவா எந்திரிக்கிறேன், அக்கா நிமுந்து கையத் தட்டுறா. “சின்ன முள்ளு பொட்டுல ஏறிடுச்சு, கரையேறுங்கடி!”

எட்டிப் பாத்தா, அஞ்சாவது கோட்டு மேலயே கச்சிதமா வெச்சிருக்கா பொட்டை. நான் தெனம் மணி சொல்றப்ப சின்ன முள்ளு எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாத்து வெச்சிருக்கா. காரியக்காரரு தன் வாட்ச்சைக் காதுல வெச்சுப் பாத்தாரு, ஆட்டிப் பாத்தாரு. அக்கா கைப்புள்ளைக்காரி, பொழுது சாயறப்ப பால் கட்டிக்கிட்டு வலிக்கும் அவளுக்கு. அன்னையிலேர்ந்து புள்ளை அழுவுறதுக்கு முந்தியே வீட்டுல இருப்பா. என் அரசாங்கம்தான் கவுந்து போச்சு.

நடவு இல்லாத ஒரு நாளு ஸ்ட்ராப் மாத்தலாம்னு திருவிடைமருதூர்ல பஸ் ஏறினேன். கம்பியப் புடிச்சுத் தொங்குறேன், கண்டக்டர் என் கையப் பாத்தாரு.

“என்னப்பா, கறுப்புல சிவப்பு. ஆளுங்கட்சியா?”

“சிவப்பு மட்டும்தாண்ணே எங்களுது. கறுப்பு கடைக்காரன் போட்டது.”

பக்கத்து சீட்டுல ஒரு பேங்க் ஆபீசரு. பழைய வாட்ச் சேக்குற பைத்தியம் அவருக்கு. பையிலேர்ந்து பூதக்கண்ணாடி எடுத்து என் கையவே புடிச்சுக்கிட்டாரு.

“தம்பி, இந்த மாடல் எங்கிட்ட நாலு இருக்கு. ஒண்ணுல டயல் வெயில்ல பழுத்துப் புகையிலை நெறமாயிருக்கும். இன்னொண்ணுல பன்னெண்டுக்கு மட்டும் எண்ணு. ஆனா அஞ்சுல மஞ்ச வளையம், நடுவுல சிவப்பு... இப்படி ஒரு டயல் நான் பாத்ததே இல்ல. கம்பெனிக்காரன் யாருக்கோ தனியாப் போட்டுக் குடுத்திருக்கான்.”

“ஆமாங்க சார். அஞ்சு மணிக்கு வேலை முடியிறவங்களுக்குன்னே போட்டது.”

“அப்படியா! யாரு சொன்னா?”

“எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும் சார்.”

மனுசன் நம்பிட்டாரு. தன் கையில இருந்ததைக் கழட்டுனாரு. நீல டயல், தேதி காட்டும், கெழமை காட்டும். ரெண்டு நாள் கட்டிப் பாருங்க, புடிச்சா மாத்திக்குவோம்னு சொல்லி வீட்டு அட்ரசும் எழுதிக் குடுத்தாரு. தேதிய ஒரு தடவ பாத்தேன், கெழமைய ஒரு தடவ பாத்தேன். கழட்டிக் குடுத்துட்டேன்.

“பொட்டு எங்கடா?”ன்னா அக்கா.

“இது கெழமை காட்டுதுக்கா!”

“கெழமை எனக்கே தெரியும்டா.”

மறுநாள் நடவு. நான் உர மூட்டை ஏத்த இங்க பக்கத்துக் குத்தாலத்துக்குப் போயிட்டேன். பொழுது சாஞ்சு திரும்பி வந்தா, புள்ளை வீறிட்டுக் கத்துது. தூக்கித் தோள்ல போட்டுத் தெருவுல நடந்தேன். பல்டி அடிச்சும் காட்டுனேன், ஒண்ணும் எடுபடலை. விளக்கு வெச்சப்புறம்தான் அக்கா வந்தா. மாராப்பெல்லாம் பால்ல நனைஞ்சு கெடக்கு. வாட்ச்சை என் மடியில போட்டா.

“கிளையில அது பாட்டுக்குச் சுத்துது, எது தலை எது காலுன்னே தெரியலை. காரியக்காரரு அரை மணி இருக்குன்னாரு. அப்புறம் இன்னொரு அரை மணின்னாரு.”

புள்ளைய வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. திட்டியிருந்தா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

விடிஞ்சதும் ஆபீசரு வீட்டு வாசல்ல நின்னேன். மனுசன் ஒரு நோட்டுல நம்ம வாட்ச்சப் பத்தி ஒரு பக்கம் எழுதி முடிச்சு, படம் வேற போட்டு வெச்சிருக்காரு.

“சார், அது குங்குமம் சார். ஆயுத பூஜைக்கு எங்க அக்கா வெச்சது.”

அவரு மூஞ்சியும் அக்கா மூஞ்சி மாதிரியே சுண்டிப் போச்சு. வாட்ச் கண்ணாடியக் கழட்டி டயலை மோந்து பாத்தாரு. “சந்தனம்!”னு மெதுவாச் சொன்னாரு. அப்புறம் சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்திருச்சு. “அஞ்சு மணிக்கு வேலை முடியிறவங்களுக்குன்னு சொன்னியே, படவா!”

“அது பொய்யில்லையே சார்.”

கூலித் தகராறுலேர்ந்து புள்ளை அழுதது வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன். கேட்டுட்டு, “சரி, டயலைச் சுத்தம் பண்ணித் தரவா? பழைய மாதிரி ஆயிடும்”ன்னாரு.

“அதுல கை வெச்சீங்கன்னா எங்க தெருவே வந்து உங்க வாசல்ல உக்காந்திரும் சார்.”

பொட்டைத் தொடாம எண்ணெய் போட்டாரு. கெட்டியா ஒரு புதுக் கண்ணாடி மாட்டுனாரு. நோட்டுல எழுதுன பக்கத்தைக் கிழிச்சுப் போடுவாருன்னு பாத்தேன். கிழிக்கலை, அடியில ஒரு வரி சேத்தாரு: ‘ஒண்ணே ஒண்ணுதான் உள்ளது. தற்சமயம் நடவு வயலில்.’ நீல வாட்ச்சைக் குடுக்கறதுக்கு முன்னாடி தேதிய இன்னொரு தடவ பாத்துக்கிட்டேன்.

அடுத்த நடவுக்குக் காரியக்காரரு எங்க பூவரசமரத்தப் பாத்து தன் வாட்ச் முள்ளைத் திருப்பி வெச்சாரு. நான் பாத்துட்டேன். அவரு தலை நிமிருற வரைக்கும் காத்திருந்து ஒரு கும்புடு போட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா வாட்ச்சுக்குக் கண்ணாடி மேலயே பொட்டு வெச்சா, உள்ள இருக்கறதுக்கு நேரா.

“கண்ணாடியாக்கா வேலை செய்யுது? உள்ள...”ன்னு ஆரம்பிச்சேன்.

பக்கத்துல இருந்த அருவாளைத் தூக்குனா. அதுலயும் ஈரப் பொட்டு காயாம இருந்திச்சு.